பேர் சொல்லாத கொட்டு

மானேஜர் மோகனசுந்தரத்துக்குக் குரல் உயராது. ஆளை மிரட்டும்போது இன்னும் தாழும். அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான், ஒரு தட்டில் மாம்பழத்தைக் கீறிக் கீறி அடுக்கிக்கொண்டே பேசினார்.

"சாப்பிடுங்க கண்ணு. நம்ம தோட்டத்துப் பழமுங்க. மொதலமடையிலிருந்து நேத்துதான் வந்துச்சு."

சிவசங்கரி தட்டைத் தொடவில்லை. எஸ்டேட் ஆபீசில் அவள் நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. அவளுடைய அம்மா முத்துப்பேச்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கு இந்த அறையில் யாரும் நாற்காலி போட்டதில்லை. மகளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால் அது அவள் வாங்கிய எம்.ஏ.வுக்குக் கொடுத்த மரியாதை ஒன்றும் இல்லை. வெளியே கிரவுண்டில் தேயிலைத் திருவிழாவுக்கு மேடை போட்டிருக்கிறார்கள். மதியத்துக்குமேல் அந்த மேடையில் அவளும் காலேஜ் நண்பர்களும் சேர்ந்த பாட்டு பேண்ட் ஏறப்போகிறது. அதற்குள் அவளிடமிருந்து ஒரு வாக்கு வாங்கியாக வேண்டும். நாற்காலி அதற்கு.

"பாடுங்க, யார் வேண்டாங்கறா? ஆப்பிரிக்காக்காரப் பையன் பாடறான், நம்ம லயத்துப் புள்ள தப்பு அடிக்குது. டூரிஸ்ட்டுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? உங்களைக் கூப்பிட்டதே நான்தானுங்க. ஆனா அந்த ஒரு அடி மட்டும் வேண்டாம்."

"எந்த அடி சார்?"

"கண்ணு." அவர் கத்தியைக் காகிதத்தில் துடைத்தார். "நீங்க போட்ட வீடியோ எனக்கும் வந்துச்சு. அது சாவுக் கொட்டு."

ஆமாம், சாவுக் கொட்டுதான். வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் இந்த எஸ்டேட்டில் அது வெறும் தாளம் இல்லை. அது சேதி. கொழுந்துக் காட்டில் பாதி இடத்தில் போனுக்கு டவர் கிடையாது. யாராவது இறந்துபோனால் லயத்து வாசலில், தொழிலாளிகளின் அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால், தப்புப் பறையை அனலில் காட்டி மூன்று சுற்று அடிப்பார்கள். அடித்து நிறுத்திவிட்டு எந்த டிவிஷன், எந்த லயம், யார் என்று மலை கேட்கக் கூவுவார்கள். முடிவில் 'கையில உள்ளத வைங்க' என்பார்கள். அதோடு சரி. யார் எந்த வரிசையில் நின்றாலும் கொழுந்து வெட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு அதற்குமேல் ஒரு கொழுந்து எடுக்கக்கூடாது. கொட்டு நின்றதற்கும் பேர் வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாரோ, எந்த வீடோ என்று.

கம்பெனிக்கு இந்த வழக்கம் என்றைக்கும் பிடித்ததில்லை. சாவு உங்கள் வீட்டில், நஷ்டம் எங்களுக்கா என்பது கம்பெனியின் கணக்கு.

போன சித்திரையில் சிவசங்கரியின் அப்பா செல்லத்துரை பாக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. காலை நேரம். அன்றைக்கென்று பார்த்து வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். லயத்தில் தப்பு அடிக்கிற பாண்டீஸ்வரன் அனல் மூட்டிவிட்டான். மோகனசுந்தரம் ஆளனுப்பி அவனை நிறுத்தினார். 'சாயங்காலம் கொழுந்து நிறுவை முடியட்டும். அப்புறம் அடிச்சுக்கோங்க. நானும் வர்றனுங்க மாலையோட.'

வந்தார். மாலையோடுதான் வந்தார். எல்லாரும் கத்திரியை வைத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு எதற்குக் கொட்டு, அது விழவே இல்லை.

கோட்டயத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சிவசங்கரிக்குப் பாண்டீஸ்வரன் போன் போட்டுச் சொல்லிவிட்டான். பஸ்ஸில் மலை ஏறுகிற வழியெல்லாம் அவள் அம்மாவின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். டவர் இல்லை. முண்டக்கயத்தில் பஸ்ஸை நிறுத்திச் சாயா குடித்தார்கள். அவளும் இறங்கி நின்றாள். அப்பா செத்தது தனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடு அந்தச் சாயாக்கடை வாசலில் நின்றதை அவளால் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

அன்று மதியம் அந்த வெளிநாட்டுக்காரர்கள் முத்துப்பேச்சியை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். நல்ல போட்டோ. கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தேயிலை டப்பாவில் போட்டார்கள், ரிசப்ஷனில் மாட்டினார்கள். இப்போது மேடைக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருக்கிறார்கள். புருஷன் டிஸ்பென்சரி பெஞ்சில் வெள்ளைத் துணிக்குள் கிடக்க, அது தெரியாமல் சிரித்த சிரிப்பு.

"சார், அது பாட்டுல ஒரு பகுதி. வேற ஒண்ணும் இல்லை."

"அப்படீங்களா? அப்ப எடுத்துடறதுல கஷ்டமில்லைல்லங்க." அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். "அம்மாவுக்கு சர்வீஸ் முடியப்போகுது. முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும், அது சட்டம். ஆனா முத்துப்பேச்சி பாவம், ஆம்பளையும் போயிட்டாரு, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்னு நான் நெனைச்சிருக்கேன். என் நெனைப்பு மாறாம பார்த்துக்கறது உங்க கையிலதான் இருக்குதுங்க."

சிவசங்கரிக்குக் காது சூடாயிற்று. வீடு என்று அவர் சொன்னது ஒரு அறையும் ஒரு அடுப்பங்கரையும். தகரத்தில் மழை பெய்தால் பேச்சே கேட்காது. அதில்தான் அவள் பிறந்தாள், படித்தாள், அப்பாவைக் கிடத்தினாள். டியூஷன் சென்டரில் அவள் வாங்குகிற சம்பளத்துக்கு வண்டிப்பெரியாரில் ஒரு சின்ன அறைகூட வாடகைக்குக் கிடைக்காது.

அந்த அடி வேண்டாம் என்றுதான் நேற்று அம்மாவும் கேட்டாள். ஆனால் காரணம் வேறு.

"ஏட்டி, பொணம் இல்லாம அந்தக் கொட்ட அடிக்கக் கூடாது. அடிச்சா அது ஒரு பேரக் கேக்கும்."

"பொணம் இருந்தப்ப மட்டும் அடிச்சாகளா?"

முத்துப்பேச்சி அரிசி வாளியை இழுத்துக்கொண்டாள். அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

பேண்டில் பாடுகிற ஜுமாவிடம் சிவசங்கரி இதில் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவன் தான்சானியாக்காரன். முஃபிண்டி என்று அங்கே ஒரு மலை நாடு, அங்கேயும் தேயிலைதான், அவன் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவள்தான். கோட்டயத்தில் எம்.எஸ்சி. படிக்க வந்தவன் ஹாஸ்டல் மொட்டைமாடியில் டிரம்ஸ் வைத்துக்கொண்டு சுவாஹிலியில் ராக் பாடுவான். ரிஜின் என்ற சங்கனாசேரிப் பையன் கிட்டாரை உறுமவிடுவான். 'ஒரு அட்சரம் மனசிலாகலையே' என்று யாராவது நக்கலடித்தால் ஜுமா தனக்குத் தெரிந்த மலையாளத்தில் திருப்பிக் கேட்பான்: "இங்கிலீஷ் பாட்டு மாத்ரம் நினக்கு மனசிலாயோ?" அது மட்டும் உனக்குப் புரிந்ததோ என்று.

அப்பாவின் காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சிவசங்கரி மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஜுமாதான் கேட்டான், இது என்ன அடி என்று. 'எங்க ஊர் அடி' என்றாள். மூன்று சுற்று. அப்புறம் நிறுத்து. அந்த இடத்தில் ஒன்றுமே வரக்கூடாது, சும்மா விடு. ஜுமாவுக்கு அந்தச் சும்மா விட்ட இடம்தான் பிடித்தது. அதற்குப் பிறகு அவன் எழுதிய வரி வந்து விழுந்தது. 'மாமா, ஷூக்கா. லெயோ ஹதுச்சூமி.' மாமா என்றால் அவன் ஊரில் அம்மா. அம்மா, இறங்கி வா. இன்றைக்கு நாம் பறிக்கப்போவதில்லை. அவன் அதைத் தன் அம்மாவுக்கு எழுதினான். சிவசங்கரி அதை வாங்கித் தன் அம்மாவுக்கு வைத்துக்கொண்டாள். இந்த மானேஜர் முன்னால், அவருக்கு ஒரு சொல்லும் புரியாத பாஷையில், அவர் நிறுத்திய கொட்டை அடிக்க வேண்டும். ஒரு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது.

"என்னங்க கண்ணு, யோசனை?"

அம்மாவின் சாமான்கள் ரோட்டோரத்தில் கிடப்பது போல ஒரு காட்சி அவளுக்குள் வந்து போயிற்று. அரிசி வாளி, அப்பாவின் பாக்டரிச் சட்டை, மடக்குக் கட்டில்.

"சரி சார்," என்றாள். "அடிக்கலை. அந்தப் பாட்டையே எடுத்துடறோம்."

அவள் குரல் அவளுக்கே கேவலமாகக் கேட்டது. படித்து என்ன கிழித்தோம், நம் அப்பன் சொன்ன அதே 'சரி சார்'தானே என்று பட்டது. மோகனசுந்தரம் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு துண்டாச்சும் எடுங்க."

அவள் எடுத்தாள். அது இன்னும் கையில் இருக்கும்போதுதான் வெளியே கொட்டு விழுந்தது.

மேடையில் சவுண்ட் செட்டுக்காரன் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். 'டிரம்ஸ் மட்டும் குடு சேட்டா' என்று அவன் சொல்லியிருப்பான். ஜுமாவுக்குக் கை பழகியிருந்தது எந்த அடியோ அதை அடித்தான். மைக் வைத்து, ஆள் உயர ஸ்பீக்கர் வழியாக, தப்பைவிடப் பத்து மடங்கு கனமாக அது கிளம்பி எதிர்மலையில் மோதித் திரும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதல் சுற்று.

மோகனசுந்தரம் எழுந்தார். "ஏனுங்க, இப்பத்தானுங்க சொன்னீங்க!"

சிவசங்கரி அதற்குள் வாசலைத் தாண்டி ஓடினாள். ஆபீசிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கும் படியில் செருப்பு ஒன்று கழன்றது. "ஜுமா! நிறுத்து! ஜுமா!" ஸ்பீக்கருக்கு முன்னால் அவள் குரல் எம்மாத்திரம்? இரண்டாம் சுற்று. ரிஜின் மேடை ஓரத்தில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், சூப்பர் என்று. மூன்றாம் சுற்று.

அவள் மேடைக்குக் கீழே வந்து நிற்கவும் ஜுமா நிறுத்தவும் சரியாக இருந்தது. சவுண்ட் செட்டுக்காரன் கையைக் காட்டினான், ஓகே. பாட்டில் எந்த இடத்தில் சும்மா விட வேண்டுமோ அந்த இடத்தில் ஜுமா விட்டிருந்தான்.

அவள் திரும்பி மலையைப் பார்த்தாள்.

சரிவு முழுக்கப் பெண்கள். தலையில் துண்டு, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, முதுகில் சாக்கு. அதுவரை கத்திரிச் சத்தம் மழைபோல் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒருத்திகூட அசையவில்லை. எல்லார் முகமும் கிரவுண்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பேருக்காக.

பேர் வரவில்லை.

"சிவா?" ஜுமா குச்சியை மடியில் வைத்தான். "எந்தாச்சு? ஞான் அடிச்சது தப்பாணோ?"

"நீ ஒண்ணும் பண்ணலை. பேசாம இரு."

மேலே ஒரு குரல் கூவியது. "யாருல?" இன்னொரு சரிவிலிருந்து, "யாரு பேரு? எந்த லயம்?" அதற்கும் பதில் இல்லை என்றதும் மலை உடைந்தது. ஒருத்தி சாக்கை உதறிவிட்டுக் குறுக்கே இறங்க ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒத்தையடி வழிகளில் விழுந்து எழுந்து இறங்கினார்கள். பேர் தெரியாததால் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவுக்கே ஓடிவந்தாள். பாக்டரியில் இருக்கிற புருஷன், ஜீப் ஓட்டுகிற மகன், காய்ச்சலில் விட்டுவந்த குழந்தை.

முன்னால் வந்தவள் முத்துப்பேச்சி. அந்த வயதில் அவள் அப்படி ஓடிச் சிவசங்கரி பார்த்ததில்லை. கிரவுண்டுக்குள் வந்தவள் மேடையைப் பார்த்தாள், தொங்கும் கரண்ட் வயர்களைப் பார்த்தாள், பிறகுதான் ஓரத்தில் ஒரு செருப்போடு நிற்கிற மகளைப் பார்த்தாள். நேரே வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"போன எடுக்க மாட்டியாட்டி? மேட்டுல நின்னு எத்தன தடவ அடிச்சேன்!"

"பைக்குள்ள கெடக்கும்மா. நான் ஆபீஸ்ல..."

"மேடையில இருந்து கொட்டு வருது, பேரு வரல. உன்னைய கரண்டு அடிச்சிருச்சு, பேரு சொல்ல எவனுக்கும் வாய் வராம நிக்கானுகன்னு..." முத்துப்பேச்சிக்கு மூச்சு முட்டியது. அறைந்த கையாலேயே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கத்திரி இன்னும் மறுகையில் இருந்தது. "நேத்தே சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா?"

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரு, யாரு என்ற ஒரே கேள்வி. திருவிழாவுக்கு நாற்காலி தூக்க வந்த ஆண்கள் விலகி நின்றார்கள். அவர்களில் பாண்டீஸ்வரனும் இருந்தான். தலையில் அடுக்கு நாற்காலியோடு அப்படியே நின்றான்.

மோகனசுந்தரம் மூச்சு வாங்காமல் நடந்து வந்தார். மேடையிலிருந்து மைக்கை எடுத்துச் சிவசங்கரியின் கையில் திணித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லை. சவுண்டு டெஸ்டிங்." பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லுங்க. யாரும் சாகலை, எல்லாரும் மலைக்குப் போங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டா இதை நான் மறந்துடறேன். வீடும் அப்படியே இருக்கும்."

பொய்கூட இல்லை. யாரும் சாகவில்லைதான். ஒரே ஒரு வரி. சொன்னால் அம்மா இன்றைக்கு ராத்திரியும் அந்தத் தகரத்துக்குக் கீழே படுப்பாள்.

"யாரும் இல்லியாமே," என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"அதெப்படிடி? கொட்டு விழுந்துருச்சே. பேரு சொல்லாம விட்டா அது எவளையாவது இழுத்துட்டுத்தான் போவும்." சொன்னவள் ஒரு கிழவி. "எம் மவன் ஜீப்பு ஓட்டிட்டுக் கெடக்கான், எனக்குப் பயமா இருக்கு. ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லுங்க தாயி."

சிவசங்கரி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். எதிரே, ஜுமாவின் டிரம்ஸுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, அதே அம்மா, வியர்வையும் மண்ணுமாக, கத்திரியைக் கீழே வைக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். பேர் வராதவரை வைக்கக்கூடாது. அது வழக்கம்.

"மேல் டிவிஷன்," என்றாள் சிவசங்கரி. ஸ்பீக்கர் கீச்சிட்டது. "மூணாம் லயம்..."

முத்துப்பேச்சியின் தலை நிமிர்ந்தது. மேல் டிவிஷன் மூணாம் லயம் அவள் வீடு.

மோகனசுந்தரம் கையை மட்டும் தூக்கினார். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற ஆளுக்கு அது போதும். உறுமல் இறங்கி நின்றது. மைக் செத்தது.

"செல்லத்துரை!" என்று அவள் வெறும் தொண்டையில் கத்தினாள். குரல் உடைந்து பக்கத்தில் நின்றவர்களோடு முடிந்துபோயிற்று. பின்னால் இருந்தவர்களுக்கும், இன்னும் பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. "யாரு? யாருன்னு சொன்னா?" என்று மேலிருந்து கேட்டார்கள். அவள் மறுபடி கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"போதும், நிறுத்து," என்றார் மோகனசுந்தரம். முதல் தடவையாக அவர் வாயில் மரியாதை வரவில்லை. "நீ படிச்ச புள்ளையா?"

அப்போது பாண்டீஸ்வரன் நாற்காலி அடுக்கைக் கீழே வைத்தான். நிதானமாகத்தான் வைத்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். காதுக்குப் பக்கத்தில் ஒரு கையைக் குவித்துக்கொண்டு, லயத்து வாசலில் எத்தனையோ பேருக்குக் கூவிய அதே ராகத்தில், மலையைப் பார்த்துக் கூவினான்.

"மேல் டிவிஷேன்... மூணாம் லயோம்... செல்லத்துரேய்ய்... கையில உள்ளத வைங்கோவ்..."

அது போய் எதிர்மலையைத் தொட்டுத் திரும்பியது.

"அவரு போன வருஷமே போயிட்டாருங்க!" மோகனசுந்தரம் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துச் சொன்னார். யாராவது ஒருத்தி ஆமாம் என்பாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. "இது என்னங்க கூத்து? ஒரு வருஷம் கழிச்சா?"

சிவசங்கரி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள்.

"எனக்கு இப்பத்தான் கேக்குது, தொரை."

சொல்லிவிட்டுக் கத்திரியைப் புல்லில் வைத்தாள். முதுகுச் சாக்கை இறக்கினாள். இடுப்புப் படங்கை அவிழ்த்தாள். அவள் அழவில்லை. கொழுந்துக் கறை பிடித்த இரண்டு கைகளையும் விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு, அவை எதற்கு ஆகும் என்று தெரியாதவளைப்போல் தொங்கவிட்டாள்.

கிழவி தன் கத்திரியை அதன் பக்கத்தில் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வைத்தார்கள். பாதி வழியில் நின்றவர்கள் அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். மேல் ரோட்டில் நிறுவைக்குக் காத்திருந்த லாரியின் டிரைவர் இறங்கி, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, வண்டியை ஓரம் கட்டினான்.

"கொழுந்து முத்திப்போகுமுங்க," என்றார் மோகனசுந்தரம், யாரிடமும் இல்லாமல். "மத்தியானம் கெஸ்ட் வர்றாங்க." பிறகு போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினார். பாதியில் நின்று திரும்பினார். "வீட்டு விஷயம் நாளைக்குப் பேசறேன், முத்துப்பேச்சி." குரல் பழையபடி தாழ்ந்துவிட்டது.

ராத்திரி பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே இருக்க முடியுமா? "உக்கார ஏதாச்சும் விரிங்கய்யா" என்று கிழவி சொன்னாள். பாண்டீஸ்வரன் மேடை ஏறி ஃப்ளெக்ஸின் கயிற்றை அறுத்தான். ரிஜின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் அதைக் கொண்டுவந்து, அச்சடித்த பக்கம் மண்ணைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க விரித்தார்கள். பெண்கள் முத்துப்பேச்சியை நடுவில் இருத்திச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஜுமா டிரம்ஸை விட்டு இறங்கி வந்தான். சிவசங்கரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏழெட்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அவன் கேட்டு முடிக்கிறவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னோடு பறஞ்ஞில்லா," என்றான். தன்னிடம் சொல்லாமல் விட்டாளே என்ற கோபத்தோடுதான் சொன்னான். "ஒரு வருஷம் ஞான் இதை ஹாஸ்டல்ல அடிச்சு. பார்ட்டியில அடிச்சு. எல்லாரும் டான்ஸ் ஆடி."

"தெரியும்."

"அது சரியில்ல சிவா."

"சரியில்லதான்." அவன் கோபம் நியாயமானது. அதற்கு மருந்தும் அவளிடம் இல்லை.

முத்துப்பேச்சி கையை அசைத்து அவனைக் கூப்பிட்டாள். "நீதான் அடிச்சியாய்யா?"

"அம்மே, எனிக்கு அறியில்லாயிருந்து. சாரி."

"சாரி பூரி எல்லாம் கெடக்கட்டும். நல்லா இருந்துச்சு. மேட்டுக்கே கேட்டுச்சு." அவள் மகளைப் பார்க்காமலேயே கேட்டாள். "அந்தப் பாட்டு இதுக்குத்தான கெட்டுனிய? பாடுங்க."

கரண்ட் இல்லை. ரிஜினின் கிட்டார் கம்பி ஈனமாக முனகியது. அவன் அதைத் திருப்பிப் போட்டு அதன் பின்பலகையில் தட்டினான். ஜுமா ஒரே ஒரு டிரம்மை மட்டும் கொண்டுவந்து ஃப்ளெக்ஸ் ஓரத்தில் வைத்துக்கொண்டான். பாண்டீஸ்வரன் லயத்துக்கு ஓடிப்போய்த் தன் தப்பை எடுத்துவந்து காகிதம் கொளுத்திக் காய்ச்சினான். சிவசங்கரி தன்னுடைய தப்பை எடுத்தாள். மூன்று சுற்று. அப்புறம் சும்மா. அந்த இடத்தில் ஜுமா அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

"மாமா... ஷூக்கா... லெயோ ஹதுச்சூமி..."

ஸ்பீக்கரில் உறுமுவதற்காகக் கட்டிய பாட்டு. வெறும் வெளியில் அது வேறு மாதிரி இருந்தது. முரட்டுத்தனம் போகவில்லை. சத்தம் குறைந்ததில் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாம் தடவை வந்தபோது சிவசங்கரி அதைத் தமிழில் வாங்கினாள். 'எறங்கி வாம்மா, இன்னைக்கு எடுக்க வேண்டாம்.' மூன்றாம் தடவை பெண்களில் சிலர் 'ஷூக்கா' என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பாரியில் சேர்ந்து இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். ஜுமா ஒரு நொடி தடுமாறினான், பிறகு அவர்கள் இழுப்புக்குத் தன் அடியைத் தாமதப்படுத்தினான்.

முத்துப்பேச்சி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்ன பாட்டுட்டி இது? எல்லாஞ் சரி. அவுக பேரு வரலியே?"

சிவசங்கரி ஜுமாவிடம் சொன்னாள். ஜுமா உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். செல்லத்துரை, செல்லத்துரை. பெரியவர்களை அவன் ஊரில் 'ம்ஸே' என்பார்கள். அதை முன்னால் வைத்தான். மறுபடி மூன்று சுற்று. மறுபடி அந்தச் சும்மா விடும் இடம். இந்தத் தடவை அது சும்மா இல்லை.

"ம்ஸே செல்லத்துரை..."

அதைக் கேட்டபிறகுதான் முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. வந்ததும் நிற்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் அழுதிருக்க வேண்டியதை அழுதாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே ஆபீஸ் ஜன்னலில் மோகனசுந்தரம் போனில் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. சிவசங்கரி தப்பை அடித்துக்கொண்டே அந்த ஜன்னலைப் பார்த்தாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நாளைக்கு நோட்டீஸ் வரும், வராமலா இருக்கும் என்று நினைத்தாள். கை தாளம் தப்பியது.

முத்துப்பேச்சி அந்த அழுகைக்கு நடுவிலும் அதைக் கேட்டுவிட்டாள்.

"அங்க என்னட்டி பார்வ?" மூக்கைச் சிந்தித் தலைத்துண்டில் துடைத்தாள். "வீட்டப் பத்தி நாளைக்கு அழுவோம். ஒழுங்கா அடி."